தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

பாறசாலை, தனுவச்சபுரம், வெள்ளறடைப் பக்கத்துப் பிள்ளைகளே, என்.சி.சி. யூனிபார்ம் போட்டதும் உங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. பழைய எஸ்.எல்.ஆர். போன்ற கனமான பட்டாள ரைஃபிளுக்குப் பேரலை மட்டும் மாற்றி, சின்னத் தோட்டா போட்டுச் சுட முடியாதா என்று கேட்கிறீர்கள். ஆயுதம் பழுதுபார்க்கும் வேலையிலேயே வயதானவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாளைக்கு ஆர்மரர் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

1. ரைஃபிளைப் பார்க்கும் முன் தோட்டாவைப் பாருங்கள். எஸ்.எல்.ஆர். சுடுவது 7.62 மி.மீ. தோட்டா. ஒன்று ஏறக்குறைய 24 கிராம் இருக்கும், அதில் குண்டு மட்டும் ஒன்பதரை கிராம். நம் இன்சாஸ் ரைஃபிள் சுடும் 5.56 தோட்டா சுமார் 12 கிராம், குண்டு 4 கிராம். பழைய தோட்டா நூறு சுமந்த அதே எடைக்குப் புதியது இருநூறு சுமக்கலாம். உலகப் பட்டாளங்கள் சின்னக் கேலிபருக்குப் போனதற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்குத்தான். உதை குறைவதால் புதியவனும் சீக்கிரம் குறி பழகுவான். தூரம் போகப் போகச் சின்னக் குண்டின் வலு சட்டென்று இறங்கிவிடும். அதுதான் இதற்குக் கொடுக்கிற விலை.

2. பெரியவன் சட்டையைக் கத்தரித்துச் சின்னவனுக்குப் போடுகிற வேலை இதில் நடக்காது. நம் எஸ்.எல்.ஆருக்குத் தாய் பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி செய்த எஃப்.ஏ.எல். அதை வடிவமைத்த சேவ் என்பவர் முதலில் சின்னத் தோட்டாவை மனத்தில் வைத்துத்தான் வரைந்தார். அமெரிக்கா பிடிவாதமாக நின்றதால் 1954-இல் நேட்டோவுக்கு 7.62 பொதுத் தோட்டாவாயிற்று, துப்பாக்கியும் அதற்கேற்பப் பெரிதாயிற்று. 1960-களில் 5.56 வந்தபோது அதே கம்பெனி சி.ஏ.எல். என்ற சின்ன ரைஃபிளைச் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் எஃப்.ஏ.எல்லின் தம்பி மாதிரி இருக்கும். கழற்றிப் பார்த்தால் உறவு தெரியாது. எஃப்.ஏ.எல்லில் போல்ட்டின் பின்பகுதி கீழே இறங்கி, ரிசீவருக்குள் இருக்கும் எஃகுப் படியில் போய் உட்காரும். சி.ஏ.எல்லில் போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும். கை வேலைப்பாடு அதிகம், விலையும் அதிகம், வாங்க ஆள் குறைவு. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு எஃப்.என்.சி. என்று வேறொன்றை எளிமையாகச் செய்தார்கள். எஃப்.ஏ.எல்லைச் செய்த அனுபவசாலிகளுக்கே முதல் முயற்சி கைகொடுக்கவில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

3. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தை மறக்காதீர்கள். யூஜின் ஸ்டோனர் செய்த 7.62 ரைஃபிள் ஏ.ஆர்.-10. அதைச் சிறிதாக்கி ஏ.ஆர்.-15 ஆக்கியவர்கள் ஜிம் சல்லிவன், ராபர்ட் ஃபிரீமான்ட் என்ற இரண்டு பொறியாளர்கள். நல்ல வேலைதான், இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஆனால் அது எம்-16 ஆகி வியட்நாம் போனபோது, சோதனையில் சுட்ட தோட்டாவில் இருந்த மருந்து வேறு, போர்க்களத்துக்கு வந்த தோட்டாவில் இருந்த மருந்து வேறு. புதிய மருந்து அதிகம் கரி படியவைத்தது, துப்பாக்கியின் ஓட்டத்தையும் வேகப்படுத்தியது. தோட்டா உட்காரும் சேம்பருக்குக் குரோம் பூச்சும் கிடையாது. இந்தத் துப்பாக்கிக்குத் துடைப்பே தேவையில்லை என்று எவரோ சொன்னதை நம்பி, துடைக்கும் சாமான்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. சுட்ட கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொண்டது. எதிரி முன்னால் நிற்க, துப்பாக்கி வாயிலிருந்து கம்பியை விட்டுக் கூட்டைக் குத்தித் தள்ளிய பிள்ளைகள் செத்துப்போனார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பிறகு குரோம் பூசினார்கள், துடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கோளாறு பெருமளவு அடங்கியது. துடைப்பது சலிப்பான வேலை என்று எந்தக் கேடட்டாவது முணுமுணுத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

4. அமெரிக்காவின் ரூகர் கம்பெனி எம்-14 பட்டாள ரைஃபிளின் சாயலில் 5.56-க்கு மினி-14 என்று செய்து 1970-களில் விற்றது. அங்கும் தோற்றம்தான் பழையது. உள்ளே ஒவ்வொரு உறுப்பும் சின்னத் தோட்டாவுக்கென்று புதிதாகப் போட்டது.

5. நம் நாட்டுக் கதை எல்லாவற்றையும்விட முக்கியம். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது .303 போல்ட் ரைஃபிள். அதன் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை எஸ்.எல்.ஆர். செய்யத் தொடங்கியது. 1980-களில் புனேயிலுள்ள ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம் 5.56-க்காக இன்சாஸை வரைந்தது. ஏ.கே. வழியில் சுழலும் போல்ட், எஃப்.ஏ.எல். வழியில் கேஸ் ரெகுலேட்டர் என்று பலவற்றைச் சேர்த்தார்கள். எடையைப் பாருங்கள்: எஸ்.எல்.ஆர். நாலே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இன்சாஸ் நாலே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழ். கேலிபர் குறைந்ததால் ரைஃபிள் எடை பெரிதாகக் குறையவில்லை, லாபமெல்லாம் தோட்டாப் பையில்தான். 1999-இல் கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. தோட்டா சரி, பேரல் சரி, மேகசின்தான் கைகொடுக்கவில்லை. கேலிபர் மாற்றம் என்றால் மேகசினும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு வேலை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

2019-இல் நம் ராணுவம் 72,400 சிக் 716 ரைஃபிள் வாங்க ஒப்பந்தம் போட்டது. அது மறுபடி பழைய 7.62 × 51 தோட்டா. அமேட்டியில் செய்யும் ஏ.கே.-203 இரண்டுக்கும் நடுவிலான 7.62 × 39. சின்னதுதான் எப்போதும் நல்லது என்று யாராவது சொன்னால், எந்த நிலத்தில், எவ்வளவு தூரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

6. .22-ஐக் கேவலமாக நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே .303 லீ என்ஃபீல்டை .22-க்கு மாற்றிப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். எடையும் பிடியும் போல்ட் இழுப்பும் பெரிய ரைஃபிள் மாதிரியே, உதை மட்டும் இல்லை. மேகசின் பெட்டி தொங்கும், ஆனால் அதிலிருந்து தோட்டா ஏறாது. ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுட வேண்டும். கேலிபர் குறைப்பில் சந்தேகமே இல்லாமல் ஜெயித்த வேலை இது என்பது என் கருத்து. போல்ட்டைக் கை இழுப்பதால், தோட்டாவின் சக்தி துப்பாக்கியை ஓட்ட வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டாவே அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

7. வீட்டிலோ பட்டறையிலோ கை வைக்காதீர்கள். காட்டுப்பன்றி வாழையையும் மரச்சீனியையும் குத்திப்போடுகிற கோபம் எனக்கும் தெரியும். அதைச் சுட, 2022 முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு கொடுக்க வழி இருக்கிறது, லைசென்ஸ் உள்ள சுடுநர் வருவார். பட்டாள வகைச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சாதாரண ஆளுக்குத் தடை செய்யப்பட்ட ஆயுதம். 1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும்கூட லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தாலும் மாற்றினாலும் குறைந்தது ஏழு வருடம், கூடினால் ஆயுள். பட்டறை அண்ணன் கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் இதற்கு அவரிடம் போகாதீர்கள், அவரையும் மாட்டிவிடாதீர்கள்.

8. காலி என்று சொன்ன துப்பாக்கியையும் நீங்களே திறந்து பாருங்கள்.

9. குறி பார்த்துச் சுட ஆசையென்றால், 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய வட்டியூர்க்காவு ஷூட்டிங் ரேஞ்ச் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையென்றால், ராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவில் ஆர்மரர் வேலை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறவர்கள் மைக்ரோமீட்டர் பிடிக்க இப்போதே நன்றாகப் பழகுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் நான் திண்ணையில்தான் இருப்பேன்.