பின்சக்கர ஹப்புக்கு ஒரு மாதச் சம்பளமா?

கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி நிற்கும் புக்கிட் கியாரா இன்று நகர மக்கள் நடக்கவும் ஓடவும் வரும் பசுங்குன்றாக விளங்குகின்றது. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். 1970களில் அரசாங்கம் அந்நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு பால்வெட்டு நின்றது. ஆயினும் பழைய பால் மரங்கள் அச்சரிவுகளில் இன்னும் நிற்கின்றன. நம்மவர் பெரட்டு முடிந்து இருட்டோடு இருட்டாக வாளியும் கத்தியுமாய் ஏறி இறங்கிய அதே சரிவுகளில், இப்போது இளைஞர்கள் மலைமிதிவண்டிகளில் வேர்களையும் பாறைகளையும் தாண்டிச் செல்கின்றனர். ஷா ஆலம் தாவரவியல் பூங்காவிலும் அவ்வாறே மிதிவண்டித் தடங்கள் உள்ளன.

இவ்விளையாட்டின் மிகக் கடினமான பிரிவு ‘டிரையல்ஸ்’ என்பதாகும். மோட்டார் சைக்கிள் திறனோட்டத்திலிருந்து ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாப் பகுதியில் இது மிதிவண்டிக்கு வந்தது. வேகம் இதில் கணக்கன்று. கால் தரையில் படாமல் பாறை, மரக்கட்டை, சுவர் ஆகியவற்றின் மேல் ஏறி இறங்க வேண்டும். 2009ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து இளைஞர் டேனி மெக்கஸ்கில் எடின்பரோ நகரத் தெருக்களில் மதில்மேலும் கம்பிவேலிமேலும் வண்டி ஓட்டிய திரைக்காட்சி உலகெங்கும் பரவியது. அதைக் கைப்பேசியில் கண்ட பிள்ளைகள் தோட்டப்புறங்களிலும் இருக்கின்றனர். பழைய கொட்டாயின் சிமெண்டுப் படியில் ஏறிக் குதித்துப் பழகும் பிள்ளை, சில மாதங்கள் கழித்துத் தந்தையிடம் வந்து, “அப்பா, எனக்கு நல்ல ஹப் வேண்டும்” என்கின்றான். விலையைக் கேட்டதும் தந்தைக்கு மூச்சு நின்றுவிடுகின்றது.

மூச்சு நிற்பதில் வியப்பில்லை. அமெரிக்காவில் செய்யப்படும் கிறிஸ் கிங் என்னும் பின்சக்கர ஹப்பின் விலை 400 டாலருக்கு மேல். இங்கிலாந்தின் ஹோப் நிறுவனத்து ஹப் அதைவிடக் குறைவு எனினும் அதுவும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. ஆகவே உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக உருளைக்குப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேலோ முழுவதுமோ போய்விடும். இத்தொகைக்கு என்ன கிடைக்கின்றது? ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் மறுப்பதும், பிள்ளையின் கண்ணீரைப் பார்த்துக் கடன் வாங்கிக் கொடுப்பதும் எளிது. இரண்டுக்கும் முன்னர் அந்த உருளைக்குள் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம்.

பின்சக்கரத்தின் நடுவில் கம்பிகள் வந்து சேரும் பகுதியே ஹப். அதன் வலப்பக்கத்தில் சங்கிலி ஓடும் சிறிய பல்சக்கரம் இருக்கின்றது. நாம் மிதிக்கும்போது பல்சக்கரம் பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் தானே உருள வேண்டும். இவ்விரண்டையும் செய்வது உள்ளே மறைந்திருக்கும் பிரீவீல். அதன் உட்புறத்தில் ரம்பம் போன்ற பற்களுடைய ஒரு வளையம் உண்டு. அதற்குள் சிறு விசைக்கம்பியால் தள்ளப்பட்டு நிற்கும் இரண்டு, மூன்று உலோக நாக்குகள் உண்டு. மிதிக்கும்போது நாக்குகள் பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கின்றன. நிறுத்தும்போது பற்களின்மேல் வழுக்கிச் செல்கின்றன. இறக்கத்தில் கேட்கும் ‘கிரிகிரி’ ஓசை அதுவே.

நாக்கு ஒரு பல்லிலிருந்து விடுபட்டு அடுத்த பல்லில் மாட்டுவதற்குள் மிதி சிறிது தூரம் வெறுமனே நகரும். அதனை ‘வெற்றோட்டம்’ என்று சொல்லிக்கொள்வோம். மலிவான பிரீவீலில் ஒரு சுற்றுக்கு 16 முதல் 20 இடங்களில் மட்டுமே நாக்கு மாட்டும். கிறிஸ் கிங் ஹப்பில் அவ்வாறான இடங்கள் 72. ஹோப்பின் பழைய ‘புரோ 4’ வகையில் 44. பின்னர் வந்த ‘புரோ 5’ வகையில் 108. விலையேற்றத்தின் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையைச் சார்ந்தே பேசப்படுகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கடுதாசியும் பென்சிலும் போதும். 18 இடங்கள் உள்ள ஹப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் இடையே 20 பாகை. டிரையல்ஸ் வண்டியில் முன்பல்சக்கரத்துக்கு 18 பற்கள், பின்பல்சக்கரத்துக்கு 15 பற்கள் எனக் கொள்வோம். பின்னால் 20 பாகை நகர மிதி ஏறக்குறைய 17 பாகை நகர வேண்டும். மிதித்தண்டின் நீளம் 17 சென்டிமீட்டர். ஆகவே மிதியில் காலுக்குத் தெரியும் வெற்றோட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். ஒற்றைச் சுவர்மேல் பின்சக்கரத்தில் மட்டும் நின்று, அடுத்த சுவருக்குத் தாவ எண்ணும் ஒருவனுக்கு இந்த 5 சென்டிமீட்டர் சாதாரணமன்று. கால் அழுத்துகின்றது, வண்டி நகரவில்லை. திடீரென்று நாக்கு மாட்டுகின்றது, வண்டி துள்ளுகின்றது. அந்த இடைவெளியில் நிலை தவறிப்போகும்.

36 இடங்கள் உள்ள ஹப்பில் அதே வெற்றோட்டம் இரண்டரை சென்டிமீட்டராகக் குறைகின்றது. 72 இடங்களில் அது ஒன்றேகால் சென்டிமீட்டர். 108 இடங்களில் சுமார் 8 மில்லிமீட்டர். இவ்வெண்களை ஒரு முறை நின்று நோக்குங்கள். 18லிருந்து 36க்குப் போகும்போது இரண்டரை சென்டிமீட்டர் மிச்சம். 72லிருந்து 108க்குப் போகும்போது மிச்சமாவது 4 மில்லிமீட்டரே. நெல்மணி ஒன்றின் நீளம் கூட இல்லை. முதல் படியில் கிடைக்கும் பயன் பெரிது. மேலே ஏற ஏற விலை ஏறுகின்றது, பயன் சுருங்குகின்றது. உலகப் போட்டிக்குச் செல்பவனுக்கு அந்த 4 மில்லிமீட்டர் வேண்டியிருக்கலாம். மரக்கட்டையின்மேல் ஏறப் பழகுபவனின் காலுக்கு அது தெரியவே தெரியாது என்பது என் கருத்து.

பால் கொட்டாய்க்கும் கடைக்கும் போய்வரும் நம் சாதாரண மிதிவண்டியில் என்ன நிகழ்கின்றது? அதில் முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்று வைத்துக்கொண்டால், அதே 18 இட மலிவுப் பிரீவீலின் வெற்றோட்டம் மிதியில் இரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே. பெரிய முன்பல்சக்கரமே குறையைப் பாதியாக்கி விடுகின்றது. ஆகவே சாலையில் ஓட்டும் வண்டிக்கு விலையுயர்ந்த ஹப் வாங்குவது வீண். கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இக்கணக்கு மாறாது.

வெற்றோட்டம் மட்டுமே பேச்சாக இருந்தால் இக்கட்டுரையை இங்கேயே முடித்து, ‘மலிவே போதும்’ என்று எழுதிவிடலாம். ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. அது வலிமை.

65 கிலோ எடையுள்ள ஓர் இளைஞன் ஒரு மிதியின்மேல் முழு எடையோடு நிற்கின்றான். மிதித்தண்டு 17 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் பல்வளையத்தின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நெம்புகோல் கணக்கின்படி, டிரையல்ஸ் வண்டியின் நாக்குகள் தாங்கும் விசை சுமார் 460 கிலோ எடைக்குச் சமம். சாதாரண வண்டியில் அதே இளைஞன் நின்றால் 225 கிலோ அளவே. அதாவது டிரையல்ஸ் வண்டியில் சுமை இரு மடங்கு. இது அசையாமல் நிற்கும்போது. எகிறிக் குதிக்கையில் இன்னும் கூடும். மலிவான பிரீவீலில் இரண்டு நாக்குகளும் ஒரே நொடியில் மாட்டும் என்பதற்கு உறுதியில்லை. சில வேளை ஒரு நாக்கே முழுச் சுமையையும் தாங்க நேர்கின்றது. விரல்நுனி அளவு இரும்புத் துண்டு அது.

அந்நாக்கு நழுவினால், முழு விசையோடு அழுத்திய கால் தடுப்பே இன்றிக் கீழே போகின்றது. மார்பு கைப்பிடியில் மோதுகின்றது. மிதியின் முட்கள் கணுக்காலைக் கிழிக்கின்றன. சுவர் உயரத்திலிருந்தானால் பல்லும் மணிக்கட்டும் உடைகின்றன. சாதாரண சாலை வண்டிக்கென்று செய்யப்பட்ட பிரீவீலோடு உயரத்தில் தாவுவது இந்தக் காரணத்தால் ஆபத்தானது. பிள்ளை தேவையற்ற ஆடம்பரம் கேட்கின்றான் என்று எண்ணிவிட வேண்டாம். அவன் கேட்பதில் பாதி நியாயம் இருக்கின்றது.

நியாயமான அந்தப் பாதியைக் குறைந்த செலவில் பெற வழியுண்டு. சிறு சக்கர டிரையல்ஸ் வண்டிகள் பலவற்றில் பிரீவீலைப் பின்னாலிருந்து எடுத்து, முன்னால் மிதித்தண்டின் பக்கம் பொருத்தியிருப்பார்கள். பின்ஹப்பில் நாக்கும் இல்லை, பல்வளையமும் இல்லை. பல்சக்கரம் ஹப்போடு அசையாமல் இணைந்திருக்கும். அத்தகைய ஹப் எளிய பொருள், விலையும் குறைவு. பிரீவீல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஹப்பையும் கம்பிகளையும் தொட வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. முன்புறத்தில் பல்சக்கரம் சுமையைக் குறைத்துக் கொடுப்பதில்லையாதலால் நாக்குகள் தாங்கும் விசை இன்னும் மிகுதி, 550 கிலோ அளவு. எனவே அந்த பிரீவீல் தரமானதாக இருந்தே தீர வேண்டும். சக்கரம் உருளும்போதெல்லாம் சங்கிலியும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் விரல்களுக்கு ஆபத்து.

நாக்கே இல்லாத ஹப் என்றதும் சிலர் அது தாழ்ந்த வகை என்று நினைக்கக்கூடும். 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் போட்டியில் உலக வாகையரான நம் நாட்டு வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றவர். அவர் ஓட்டும் ஓடுதள மிதிவண்டியில் பிரீவீலே கிடையாது. சக்கரம் சுழன்றால் மிதியும் சுழலும். ஹப்பின் தேர்வு செய்யும் வேலையைப் பொறுத்தது. விலைச்சீட்டு அதற்கு அளவுகோல் ஆகாது.

நம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்ஹப்பையும் ஒரு நாள் திறந்து பாருங்கள். பல்சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சில ரப்பர்க் கட்டைகள் செருகப்பட்டிருக்கும். இயந்திரத்தின் உதறலை அவை விழுங்கிக்கொள்கின்றன. அவை தேய்ந்தால் கியர் மாற்றும்போது வண்டி ‘டக்’கென்று இடிக்கும். பலர் சங்கிலியையும் பல்சக்கரத்தையும் மாற்றிப் பணத்தைச் செலவிட்டுவிட்டு, சில வெள்ளி விலையுள்ள அந்த ரப்பரை மறந்துவிடுகின்றனர். ரப்பரோடு வாழும் நாம் அதை மறக்கலாமா என்று கேட்கத் தோன்றுகின்றது!

மிதிவண்டிக்குத் திரும்புவோம். வாங்கும் முன் ஹப்பின் இடங்களை எண்ணிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டா. பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்பல்சக்கரத்தின் ஒரு பல்லில் சுண்ணாம்பால் குறியிட்டு, அக்குறி ஒரு முழுச் சுற்று வரும்வரை பின்னோக்கி மெல்லத் திருப்பி, கேட்கும் சொடுக்குகளை எண்ண வேண்டும். பெரும்பாலான ஹப்புகளில் அந்த எண்ணிக்கையே இடங்களின் எண்ணிக்கை. பெட்டியில் எழுதியிருப்பதற்கும் காதில் கேட்பதற்கும் வேறுபாடு இருந்தால் கடைக்காரரிடமே விளக்கம் கேட்கலாம்.

பழகத் தொடங்கிய முதல் ஆண்டில், தரையிலும் அரை அடிப் படியிலும் நிற்கக் கற்கும்வரை, இருக்கும் வண்டியே போதும். அக்காலத்தில் பணம் செலவிட வேண்டியது பிரேக் கட்டை, தலைக்கவசம், காற்தாங்கி ஆகியவற்றுக்கே. பின்சக்கரத்தில் நின்று தாவத் தொடங்கும் நாளில், அல்லது மிதி ஒரு முறையேனும் நழுவிய நாளில், உயரத்தில் ஏறுவதை உடனே நிறுத்திவிட்டு, டிரையல்ஸுக்கென்றே செய்யப்பட்ட, 36 முதல் 44 இடங்கள் வரை உள்ள நடுத்தர விலை ஹப்பையோ முன்புற பிரீவீலையோ வாங்கிக் கொடுக்கலாம். 72, 108 என்பவற்றைப் பிள்ளை போட்டிகளில் கலந்துகொண்டு, தன் சம்பாத்தியத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

எந்த ஹப்பாயினும் நம் நாட்டு மழையும் செம்மண்ணும் அதன் எதிரிகள். வண்டியைக் கழுவும்போது குழாய்நீரை ஹப்பின் ஓரத்தில் பீச்சி அடிக்கலாகாது. நீர் உள்ளே புகுந்து குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெயே இட வேண்டும். சிலர் நன்மை என்று எண்ணித் தடித்த கிரீஸை அப்பிவிடுகின்றனர். நாக்கு அதில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் நின்றுவிடும். புத்தம்புதிய ஹப்பும் அதனால் நழுவும். ‘கிரிகிரி’ ஓசை திடீரென மங்கிப்போனால் அன்றே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு, முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்துப் பின்பிரேக்கையும் இறுகப் பிடித்து மிதியை இருபது முறை அழுத்திப் பார்த்த பின்னரே வண்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.