வேலையைப் பாட்டாக்கிய நாடகம்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)



"என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று நாம் எல்லோரிடமும் கேட்கிறோம். கல்யாண வீட்டில் கேட்கிறோம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கிறோம். "அந்த வேலை உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஒருவர் அதையே கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கிடைத்த பதில்கள் முதலில் புத்தகமாயின, பிறகு மேடையில் பாட்டாயின. அந்த இசை நாடகத்தின் பெயர் 'ஒர்க்கிங்'. எங்கள் ஆங்கில விரிவுரையாளர் வகுப்பில் இதைப் பற்றிச் சொன்னார். அதன்பின் நானே தேடித் தெரிந்துகொண்டதை, டிப்ளமோ படிக்கும் நமக்கு எது உதவும் என்று பார்த்து இங்கே எழுதுகிறேன்.

கேட்டவர் யார்?

அவர் பெயர் ஸ்டட்ஸ் டெர்கல். 1912-இல் பிறந்தவர். சிகாகோ நகரில் அவருடைய பெற்றோர் தங்கும் விடுதி நடத்தினார்கள். அங்கே வந்து போகும் தொழிலாளிகளின் பேச்சைக் கேட்டே அவர் வளர்ந்தார். சட்டம் படித்தார், ஆனால் வக்கீலாகப் போகவில்லை. வானொலிக்குப் போனார். சிகாகோவின் ஒரு வானொலி நிலையத்தில் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள் பேட்டி எடுத்தார். 2008-இல் காலமானார்.

டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகளைச் சந்தித்தார். இரும்பாலைத் தொழிலாளி, கல் கட்டும் கொத்தனார், ஓட்டல் பரிமாறும் பெண், லாரி டிரைவர், டெலிபோன் ஆபரேட்டர், பேப்பர் போடும் பையன், பெரிய கம்பெனி அதிகாரி என்று யாரையும் விடவில்லை. அவர்கள் பேசியதை அவர்கள் வார்த்தையிலேயே தொகுத்து 1974-இல் 'ஒர்க்கிங்' என்ற பெயரில் நூலாக்கினார். கேள்வி கேட்டவர் அதில் அதிகம் தலைகாட்ட மாட்டார், பதில் சொன்னவர்தான் பேசுவார். அதுவே அந்தப் புத்தகத்தின் பலம்.

மேடை ஏறிய கதை

'காட்ஸ்பெல்', 'பிப்பின்' ஆகிய இசை நாடகங்களுக்குப் பாடல் எழுதி இசையமைத்துப் பெயர் பெற்றிருந்த ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இந்த நூலை மேடைக்குக் கொண்டுவந்தார். இயக்கமும் அவரே. ஆனால் பாட்டு எல்லாவற்றையும் அவரே எழுதவில்லை. ஜேம்ஸ் டெய்லர், மிக்கி கிராண்ட், கிரெய்க் கார்னீலியா, மேரி ராட்ஜர்ஸ், சூசன் பர்கன்ஹெட் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் இது சரியான முடிவு. லாரி டிரைவருக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆள் மெட்டுப் போட்டால், இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிதான் கேட்கும்.

1977-ஆம் ஆண்டின் கடைசியில் சிகாகோவின் குட்மேன் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. 1978 மே 14 அன்று நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. ஜூன் 4 அன்று முடிந்துவிட்டது. மொத்தம் 24 காட்சிகள், அவ்வளவுதான்!

தோல்விதானே என்று கேட்பீர்கள். வசூல் கணக்கில் தோல்விதான். இதில் தொடர்ந்து வரும் கதை இல்லை, கதாநாயகன் இல்லை, காதல் இல்லை, கடைசியில் கல்யாணமும் இல்லை. ஒருவர் வருவார், தன் வேலையைப் பற்றிப் பேசுவார், பேச்சு முட்டும் இடத்தில் பாட்டு வரும், அவர் போனதும் இன்னொருவர் வருவார். ஆனால் நாடகம் சாகவில்லை. 1982-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சின்னச் சின்ன அரங்குகளிலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிற்காலத்தில் திருத்திய வடிவம் ஒன்றும் வந்தது. அதில் 6 நடிகர்களே இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களாக மாறி மாறி வருவார்கள். லின்-மானுவல் மிராண்டா எழுதிய 2 புதிய பாடல்கள் சேர்ந்தன. ராஜ் என்ற பெயருடைய டெக் சப்போர்ட் ஊழியர்கூட மேடைக்கு வந்துவிட்டார்.

நான்கு பேர், நான்கு பாடம்

முதலில், பெட்டி தயாரிக்கும் ஆலையில் வேலை செய்யும் பெண். ஈர ஃபெல்ட்டை எடுத்து, அச்சில் வைத்து, அழுத்தி, அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு சுமார் 40 விநாடி. நாள் முழுக்க அதே 40 விநாடிதான். இந்தக் காட்சிக்கான பாட்டை ஜேம்ஸ் டெய்லர் எழுதினார். கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் பெண் அதில் பாடுகிறாள். கை இயந்திரத்தோடு ஓடுகிறது, மனசு எங்கெங்கோ போய்விட்டு வருகிறது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் ஒர்க் ஸ்டடி பாடத்தில் ஸ்டாப் வாட்சைப் பிடித்து சைக்கிள் டைம் எடுப்பீர்கள். களைப்புக்காக ஒரு சதவீதம் அலவன்ஸ் சேர்ப்பீர்கள். அந்தச் சதவீதத்துக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை இந்தப் பாட்டு காட்டுகிறது.

இரண்டாவது, கல் கட்டும் கொத்தனார். தான் கட்டிய வீட்டைப் பல வருஷம் கழித்தும் பார்க்க முடிகிறதே என்று அவருக்குப் பெருமை. அதே சமயம், ஒரு கல்லைக் கோணலாக வைத்திருந்தால் அது எந்த இடம் என்று முப்பது வருஷம் கழித்தும் அவருக்குத் தெரியும். அன்றைக்கே பெயர்த்து மாற்றி வைத்திருக்கலாமே என்று மனசு உறுத்தும். குவாலிட்டி கன்ட்ரோல் என்று நாம் படிப்பதை இந்த மனிதர் மனச்சாட்சியாகவே வைத்திருக்கிறார்.

மூன்றாவது, ஓட்டலில் பரிமாறும் பெண். தட்டை மேஜையில் வைத்தால் சத்தமே வரக் கூடாது, அது ஒரு கலை என்கிறாள். "இவ்வளவு கெட்டிக்காரி, ஏன் வெறும் சர்வராக இருக்கிறாய்?" என்று கேட்பவர்களிடம், என் கையால் பரிமாறப்படும் தகுதி உங்களுக்கு இல்லையா என்று திருப்பிக் கேட்கிறாள்.

நான்காவது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண். இந்தப் பாட்டு கார்னீலியா எழுதியது. வீட்டு வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை என்ற வருத்தம் அதில் இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் நான் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தவன். காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவுக்கும் எனக்கும் சோறு கட்டிக் கொடுப்பவருக்கு நான் போட்டது அந்தக் கோடு!

இரும்புத் தொழிலாளியின் ஆசை

நூலில் முதலில் பேசுபவர் இரும்பாலைத் தொழிலாளி. அவர் இரண்டு ஆசைகளைச் சொல்கிறார். ஒன்று, உயரமான கட்டடத்தின் ஒரு பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை பட்டை விட்டு, அதைக் கட்டிய ஒவ்வொரு கொத்தனார் பெயரும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியன் பெயரும் அதில் எழுத வேண்டும். தன் பிள்ளையைக் கூட்டிப் போய், இதோ இதில் அப்பா வேலை செய்தேன் என்று கை நீட்டிக் காட்ட வேண்டும். நாடகத்தின் முடிவுப் பாட்டும் இப்படிக் கை நீட்டிக் காட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்பதைப் பற்றியதுதான். இரண்டாவது ஆசை, தன் மகன் படிக்க வேண்டும், தன்னைப் போல ஆகக் கூடாது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்கு ஒரு கஷ்டம் வருகிறது. செய்த வேலையை மகனுக்குக் காட்டிப் பெருமைப்பட வேண்டும், அதே மகன் அந்த வேலைக்கு வரவும் கூடாது. என் அப்பா கம்பி கட்டும் வேலை பார்ப்பவர். அவருக்கும் இதே இரண்டு ஆசைதான் என்று நினைக்கிறேன். ஆனால் கொத்தனார் கட்டிய சுவராவது கண்ணுக்குத் தெரியும். கம்பி கட்டியவர் வேலை கான்கிரீட் போட்டதும் உள்ளே போய்விடும். அவர் எதைக் கை நீட்டிக் காட்டுவார்?

டெர்கல் கேட்டதை நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "வேலை எப்படிப்பா இருக்கு?"

"இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்னடா புதுசா கேக்கற?" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தார். பகலில் கம்பி சுட்டுவிடும், அதனால் வெட்ட வேண்டியதை விடியற்காலையிலேயே வெட்டி வைத்துவிடுவார்களாம். பிறகு ஒரு சைட்டில் நடந்ததைச் சொன்னார். தூணும் பீமும் சேரும் இடத்தில் டிராயிங்படி கம்பி வைத்தால் நெருக்கமாகி, ஜல்லி உள்ளே இறங்காது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பலகை பிரித்தபோது அந்த இடம் தேன்கூடு மாதிரி ஓட்டையாக நின்றதாம்.

"ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

"சூப்பர்வைசர் சின்னப் பையன். உன் வயசுதான் இருக்கும். நாம சொன்னா அவனுக்குக் கவுரவக் குறைச்சல்னு நினைப்பான். உனக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னு சொல்லிட்டா?"

இன்னும் இரண்டு வருஷத்தில் அந்தச் சூப்பர்வைசர் நான்தான், நண்பர்களே. நீங்களும்தான். பார் பெண்டிங் ஷெட்யூலில் கம்பியின் விட்டம், எண்ணிக்கை, நீளம், எடை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்துத் தூக்கத்தில்கூடச் சொல்வோம். அதைக் கட்டுபவருக்கு என்ன தெரியும் என்று கேட்க எந்தக் கட்டமும் இல்லை. அது நாம் வாயைத் திறந்து கேட்க வேண்டியது.

நாம் செய்ய வேண்டியது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில் இந்த நாடகத்தைப் போட்டபோது, அந்த ஊர் உழைப்பாளிகளையே பேட்டி கண்டு அவர்கள் பேச்சையும் நாடகத்தில் சேர்த்தார்கள். நாமும் இதைச் செய்யலாம். மாணவர் பேரவை அடுத்த ஆண்டு விழாவுக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முறை எளிது:

1. ஒவ்வொரு மாணவரும் ஓர் உழைப்பாளியிடம் பேசவும். வீட்டிலேயே தொடங்கலாம். நம் கேன்டீன் அக்கா, வாட்ச்மேன் ஐயா, ஒர்க்‌ஷாப் உதவியாளர் எல்லோரும் இருக்கிறார்கள்.
2. அனுமதி கேட்டு, செல்போனில் பதிவு செய்யவும். பெயரைப் போடலாமா என்றும் கேட்கவும்.
3. "காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்வீர்கள்?" என்று தொடங்கவும். குறுக்கே பேச வேண்டாம்.
4. எழுதும்போது அவர்கள் தமிழைத் திருத்த வேண்டாம்.
5. பேச்சு நின்று அவர்கள் மௌனமாகும் இடத்தைக் குறித்துக்கொள்ளவும். பாட்டு அங்கேதான் வர வேண்டும்.

முதல் பேட்டியை நான் கொடுக்கிறேன். அன்று பேசி முடித்ததும் அப்பா, "இதையெல்லாமா காலேஜ்ல எழுதுவாங்க?" என்று கேட்டார். எழுதுவார்கள் என்றேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் காட்ட வேண்டும். அவருக்குப் படிக்க வராது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் காட்ட முடியாததை நான் கை நீட்டிக் காட்டுவேன்.

உழைப்பவரைக் கேட்போம்!