பொதுத்தளம் தேடிய பல்கலைக்கழகங்கள்

நுழையும்முன்

கரும்பலகையும் வருகைப்பதிவேடும் கணினித் திரைக்குள் இடம்பெயர்ந்துவரும் காலம் இது. ஒரு பல்கலைக்கழகம் தனக்கேற்ற கற்றல் தளத்தைத் தேர்வது எளிதன்று. பல பல்கலைக்கழகங்கள் கூடி ஒரே தளத்தைத் தேர்வது அதனினும் அரிது. அவ்வாறு தேர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கற்றல் தளம்

பாடக்குறிப்புகள், காணொலிகள், ஒப்படைப்புகள், வினாடிவினாக்கள், மதிப்பெண்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் தொகுத்து வழங்கும் மென்பொருளே இணையவழிக் கற்றல் தளமாகும். ஆசிரியர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய பாடங்களும் மாணவர்களின் படைப்புகளும் அதில் சேர்ந்திருக்கும். எனவே, தளத்தை மாற்றுவது வீடு மாறுவதைப் போன்றது. எடுத்துச்செல்ல இயலாதவற்றை விட்டுச்செல்லவே நேரும்.

தனித்தனி முயற்சிகள்

1990களின் பிற்பகுதியிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் பல்கலைக்கழகங்கள் சில தமக்கெனத் தளங்களை உருவாக்கிக்கொண்டன. இந்தியானா பல்கலைக்கழகத்தில் 'ஆன்கோர்ஸ்', ஸ்டான்ஃபோர்டில் 'கோர்ஸ்வொர்க்', மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 'ஸ்டெல்லார்', மிச்சிகனில் 'செஃப்' எனத் தனித்தனி மென்பொருள்கள் இயங்கின. ஒரே பணியை நான்கு இடங்களில் நான்கு குழுக்கள் செய்தன. வேறு பல பல்கலைக்கழகங்கள் வணிக நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் செலுத்தித் தளங்களைப் பெற்றன.

கூடி உருவாக்கிய தளம்

2004ஆம் ஆண்டு இந்நான்கு நிறுவனங்களும் ஒன்றிணைந்தன. தத்தம் மென்பொருள்களின் நல்லியல்புகளைத் திரட்டிப் பொதுத்தளம் ஒன்றை உருவாக்கத் தொடங்கின. மெலன் அறக்கட்டளை அதற்கு நிதியளித்தது. அத்தளத்திற்குச் 'சகாய்' எனப் பெயரிட்டனர். 'செஃப்' என்னும் சொல் தலைமைச் சமையற்கலைஞரைக் குறிப்பது. ஆகவே, புகழ்பெற்ற ஜப்பானியச் சமையற்கலைஞர் ஹிரோயுகி சகாயின் பெயரைப் புதிய தளத்திற்குச் சூட்டினர். சகாய் ஒரு திறந்தமூல மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் பெறலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம்.

வணிகச் சந்தையின் மாற்றங்கள்

அக்காலத்தில் வணிகச் சந்தையில் நிகழ்ந்தவை திறந்தமூலத்தின் தேவையை உணர்த்தின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோன்றி வணிகமயமான 'வெப்சிடி' தளத்தை, 2006இல் போட்டி நிறுவனமான 'ப்ளாக்போர்டு' வாங்கியது. அதனால் வெப்சிடியைத் தேர்ந்திருந்த பல்கலைக்கழகங்கள், தாம் தேர்ந்தெடுக்காத நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாயின. அதே ஆண்டில் ப்ளாக்போர்டு, தான் பெற்ற காப்புரிமையைக் காட்டி, கனடாவின் 'டிசையர் டு லேர்ன்' நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. திறந்தமூலத் தளங்கள்மீது அக்காப்புரிமையைப் பயன்படுத்துவதில்லை என 2007இல் அது உறுதியளித்தது. வழக்கில் 2008இல் ப்ளாக்போர்டு வென்றபோதும், 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

மீண்டும் ஒரு தேர்வு

சொந்தத் தளத்திற்கும் செலவு உண்டு. உரிமக் கட்டணம் இல்லையெனினும் நிரலாளர்களுக்கு ஊதியம் வழங்க வேண்டும். வழங்கிகளைப் பராமரிக்க வேண்டும். பிழைகளைத் திருத்த வேண்டும். 2014இல் இந்தியானா, மிச்சிகன், ஃபுளோரிடா, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் 'யூனிசின்' என்னும் கூட்டமைப்பை நிறுவின. அக்கூட்டமைப்பு 'கேன்வாஸ்' என்னும் மேகக்கணிமைத் தளத்தைத் தேர்ந்தது. சகாயை உருவாக்கிய நால்வருள் இருவர் இவ்வாறு வேறு தளத்திற்கு மாறினர்.

இதனால் சகாய் முயற்சி வீணாயிற்று எனக் கருதலாகாது. சகாய் அறக்கட்டளையின் முதல் செயல் இயக்குநரான சார்லஸ் செவரன்ஸ், வெவ்வேறு கற்றல் கருவிகளை எத்தளத்துடனும் இணைக்க உதவும் பொதுத் தரநிலையின் உருவாக்கத்தில் பங்காற்றினார். பாடங்களை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்கு எடுத்துச்செல்லவும் தரநிலைகள் வகுக்கப்பட்டன. தளங்கள் மாறினாலும் கற்றல் தொடர்வதற்கு இத்தரநிலைகள் வழிவகுத்தன.

தேர்வின் அளவுகோல்கள்

பொதுத்தளத்தைத் தேர்வோர் கட்டணத்தையும் வசதிகளையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. வேகம் குறைந்த இணைப்பிலும் அது இயங்குமா? பார்வைக் குறைபாடுடைய மாணவர் திரைவாசிப்பான் வழியாக அதனைப் பயன்படுத்த இயலுமா? மாணவர்களின் தரவுகள் யாருக்கு உரியவை? ஒப்பந்தம் முடியும்போது பாடங்களையும் மதிப்பெண்களையும் முழுமையாக மீட்டெடுக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு ஒப்பந்தம் செய்யும் முன்பே விடை காண வேண்டும். ஆசிரியரும் மாணவரும் தளத்தைப் பயன்படுத்திப் பார்த்துக் கூறும் கருத்துகளும் தேர்வில் இடம்பெற வேண்டும்.

எத்தளமும் நிலையானதன்று. அதில் சேர்ந்த அறிவுழைப்போ காக்கப்பட வேண்டியது. ஆகவே, ஒரு தளத்திற்குள் நுழையும்போதே அதிலிருந்து வெளியேறும் வழியையும் உறுதிசெய்துகொள்வதே சிறந்த தேர்வாகும்.

கற்பவை கற்றபின்

1. 'சொந்தத் தளத்திற்கும் செலவு உண்டு' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. உங்கள் பள்ளிக்கும் அருகிலுள்ள பள்ளிகளுக்கும் பொதுவான கற்றல் தளத்தைத் தேர்வதற்குரிய ஐந்து அளவுகோல்களைக் குழுவாகக் கலந்துரையாடி வரிசைப்படுத்துக.