அத்தைக்கு வந்த நோயும் கணக்கில் வரும்

குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்டால், பலரும் அம்மா, சின்னம்மா, பாட்டி என்று தாய்வழியை மட்டுமே எண்ணிப் பார்க்கிறார்கள். அத்தையை யாரும் நினைப்பதில்லை.

மரபணுவுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 மரபணு 13ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. உயிரணுவில் மரபிழை அறுந்தால் அதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. இவற்றில் ஒன்று பழுதாக இருந்தால், தாயோ தந்தையோ, அது மகனுக்கோ மகளுக்கோ செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. தந்தை நலமாகவே இருக்கலாம். அதனால்தான் நோய் ஒரு தலைமுறையைத் தாண்டி வந்ததுபோல் தோன்றுகிறது.

பழுதுள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு. ஆண்களும் தப்புவதில்லை, பிஆர்சிஏ2 பழுது புரோஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது.

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடே பரம்பரையால் வருபவை. ஆகவே எல்லாரும் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில்? அந்தக் காலத்தில் 'வயிற்றில் கட்டி' என்று சொல்லி முடித்தது சினைப்பைப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம்.

சந்தேகம் வலுத்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். நோய் கண்ட அத்தை உயிரோடிருந்தால், முதல் இரத்தப் பரிசோதனை அவருக்குச் செய்வதே நல்லது. அவரிடம் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைத் தேடினால் போதும்.