நடை பழகும் பிள்ளையோடு கப்பலில்: பெற்றோருக்கு ஒரு பாடம்



முன்பெல்லாம் உல்லாசக் கப்பல் என்றால் நம் ஊர் மக்கள் சிங்கப்பூர் போயோ துபாய் போயோதான் ஏற வேண்டும் என்று நினைப்பார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்படத் தொடங்கியது. 2023-ல் அந்தக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் போய் வந்தது. அதிலிருந்து விடுமுறைப் பேச்சு வரும்போதெல்லாம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "ஒன்றரை வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு கப்பலில் போகலாமா?"

போகலாம். ஆனால் கரையில் நாம் யோசிக்காமலே நம்பியிருக்கும் மூன்று விஷயங்கள் நடுக்கடலில் கிடையாது: தெருமுனை மருந்துக்கடை, வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர், நம் வீட்டு அடுப்படி. இந்த மூன்றுக்கும் மாற்று ஏற்பாட்டைக் கப்பல் ஏறும் முன்பே செய்து முடித்த குடும்பத்துக்குப் பயணம் இன்பமாக இருக்கும். ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் பிள்ளையைத்தான் சிரமப்படுத்துவார்கள். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது.

1. இந்த வயதின் தனிச் சிக்கல்

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றிக்கொள்கின்றன. பல நாட்கள் தொடர்ந்து கடலிலேயே இருக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. எனவே இந்த வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் கிடைப்பதில் தடையில்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டும் வசதிகளில் பல இந்தப் பிள்ளைக்கு உரியவை அல்ல. சிறுவர் விளையாட்டு அறையில் பொதுவாக மூன்று வயது நிறைந்து, டயப்பர் இல்லாமல் கழிப்பறை போகப் பழகிய பிள்ளைகளைத்தான் பொறுப்பேற்றுக்கொள்வார்கள். நீச்சல் குளத்திலும் டயப்பர் போட்ட பிள்ளைக்கு அனுமதி இருக்காது.

ஆகவே பகல் முழுவதும் பிள்ளை உங்கள் கையில்தான் இருக்கும். கூட வரும் உம்மும்மாவும் வாப்பிச்சாவும் பார்த்துக்கொள்வார்கள் என்று நாமாகவே முடிவு செய்வது சரியல்ல. அவர்களுக்கும் அது ஓய்வுப் பயணம்தான். யார் எந்த நேரம் பார்ப்பது என்று புறப்படும் முன்பே வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதலில் பருவத்தைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைப் பக்கம், கடல் கொந்தளிப்பாக இருக்கும். சிறு பிள்ளையோடு போகும் முதல் பயணம் இரண்டு மூன்று இரவுகளுக்குள் முடிவதாக இருந்தால் நல்லது.

அடுத்தது ஆவணம். வெளிநாட்டுத் துறைமுகம் செல்லும் கப்பல் என்றால் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரின் சம்மத உறுதிமொழியும் தேவைப்படும். வாப்பா வளைகுடாவில் இருக்கும் குடும்பங்கள் இந்த வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். போகும் நாட்டின் விசா நடைமுறை அவ்வப்போது மாறுவதால், உறவினர் சொன்னதை நம்பாமல் அந்தந்த நேரத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செலவு. டிக்கெட் விலையோடு துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கான தினசரிப் படி, இணைய வசதி, மருத்துவரைப் பார்த்தால் அதற்கான தொகை எல்லாம் சேரும். பிள்ளைக்கும் இவற்றில் எவை உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் கப்பலுக்குள் நடக்கும் சிகிச்சையும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்று பாருங்கள்.

3. அறையும் குளியலறையும்

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. இசை அரங்குக்கும் மதுக்கூடத்துக்கும் மேலோ கீழோ உள்ள அறை வேண்டாம். நள்ளிரவு வரை சத்தம் கேட்கும். தொட்டில் கட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லி வையுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கதவுகள் கனமானவை, விரல் நசுங்கும். குளியலறை வாசலில் கால் தடுக்கும் மேடு இருக்கும். பால்கனி அறை என்றால் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்து, கண்ணாடிக் கதவை எப்போதும் பூட்டியே வையுங்கள். பிள்ளை ஏறி நிற்கக்கூடிய எதுவும் கைப்பிடிச் சுவர் அருகே இருக்கக் கூடாது.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இல்லாத அறைகளே அதிகம். ஒரு சிறிய மக் எடுத்துப் போங்கள். தரையில் தண்ணீர் போகும் வழி ஷவர் நிற்கும் இடத்தில் மட்டும் இருந்தால், பிள்ளையை அங்கே வைத்துக் கழுவிவிடுங்கள். டயப்பரையும் ஈரத் துடைப்பானையும் கழிப்பறைக்குள் போடவே கூடாது. அங்கே இருப்பது காற்றால் உறிஞ்சும் குழாய் அமைப்பு. உங்கள் அறையில் அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் தொல்லை.

4. தண்ணீரும் கண்காணிப்பும்

உலக அளவில் தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம்தான் மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கையடித்துக் கூச்சலிடாது. சத்தமின்றிச் சில நொடிகளில் முடிந்துவிடும். எல்லாக் கப்பல்களிலும் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை.

எனவே விதி ஒன்றுதான்: குளம் இருக்கும் தளத்தில் பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு நேரத்தில் ஒருவருடையது. "இப்போது நான் பார்க்கிறேன்" என்று சொல்லி வாங்கி, "இனி நீங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை உண்மையில் யாருமே பார்ப்பதில்லை. பொறுப்பில் இருப்பவர் கையில் அலைபேசி வேண்டாம்.

நீச்சல் டயப்பர் மலத்தை ஓரளவு தடுக்குமே தவிர, கிருமியைத் தடுக்காது. அதனால்தான் குளத்தில் அனுமதி இல்லை. சில கப்பல்களில் டயப்பர் போட்ட பிள்ளைகளுக்கென்று தனி நீர்விளையாட்டு இடம் உண்டு. இல்லையென்றால் ஷவரில் ஒரு சிறிய காற்றடைத்த தொட்டி போதும். பிள்ளைக்கு அதுவே கடல்.

5. சாப்பாடு

மின் கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் சூடாக்கும் கம்பி போன்றவற்றைத் தீ அபாயம் கருதிக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. முத்திரை பிரிக்காத பொட்டலமாக இருந்தால் பேச்சு வராது. பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் பால் பவுடரையும் சத்துமாவையும் நாள் கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் உணவுக்கூடத்தில் கிடைக்கும். ஒரு பிளாஸ்க் போதும்.

ஹலால் உணவு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் ஏறிய அன்றே உணவுக்கூடப் பொறுப்பாளரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உறுதி கிடைக்காத இடத்தில் மீன், முட்டை, காய்கறி, பருப்பு, சோறு, பழம் என்று இருந்துவிடலாம். பெரியவர்கள் இறைச்சியைக் கேட்டுத்தான் எடுப்பார்கள். பிள்ளை விஷயத்தில் கவனம் தப்புவது இனிப்பில்தான். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சில வகை கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும். சில இனிப்புகளிலும் குழம்புகளிலும் மது சேர்ப்பதுண்டு. ஊழியர்கள் அன்போடு பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். "எங்களைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லி வையுங்கள்.

6. வயிற்றுப்போக்கும் குமட்டலும்

பலர் நெருக்கமாக ஒரே இடத்தில் உண்டு உறங்குவதால், கப்பலில் நோரோவைரஸ் என்னும் வாந்தி பேதிக் கிருமி வேகமாகப் பரவும். வாசலில் வைத்திருக்கும் கைச் சுத்திகரிப்புத் திரவம் இந்தக் கிருமியிடம் சரியாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் பாதுகாப்பு. சாப்பிடும் முன்பும் டயப்பர் மாற்றிய பின்பும் உங்கள் கையையும் பிள்ளையின் கையையும் தேய்த்துக் கழுவுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு எடுத்துப் போங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, நேரம் கடத்தாமல் கப்பல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

கடல் குமட்டல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவாகவே வரும். ஆனாலும் பயத்தில் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. பயண வாந்திக்கு நம் கடைகளில் வாங்கும் அவோமின் போன்றவற்றில் உள்ள ப்ரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். உங்கள் குழந்தை மருத்துவரிடம் புறப்படும் முன்பே போய், பிள்ளையின் எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவை எழுதி வாங்கி, மருந்தோடு பையில் வையுங்கள்.

7. அபாய ஒலி

2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அவசரப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின் சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி கட்டாயமாயிற்று. பிள்ளை தூங்குகிறது என்று இதைத் தவிர்க்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு போங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் நீங்கள் கூட வேண்டிய இடம் எது என்பதை வீட்டார் எல்லோரும் நடந்து பார்த்து வையுங்கள்.

ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அது அறையிலேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். அறை ஊழியரிடம் முதல் நாளே கேட்டு வாங்கி, ஒருமுறை போட்டுப் பாருங்கள். நடுக்கடலில் அலைபேசி இணைப்பு இராது என்பதால், பிள்ளையின் கைப்பட்டையில் உங்கள் எண்ணோடு அறை எண்ணையும் எழுதுங்கள்.

8. தொழுகையும் அன்றாட ஒழுங்கும்

ஒருவர் தொழும்போது மற்றவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். தொழும் உடைக்கென்று ஒரு ஜோடியைத் தனிப் பையில் வைத்தால் டயப்பர் கசிவால் வரும் தவிப்பு இல்லை. சென்னைக் கடற்பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் அறைக்குள் அலைபேசித் திசைகாட்டி தவறாகக் காட்டலாம்; சூரியனையும் தொலைக்காட்சியில் ஓடும் கப்பல் வரைபடத்தையும் வைத்துச் சரிபாருங்கள். கஸ்ர், ஜம்உ பற்றியும், கப்பல் ஆடும்போது தொழுவது பற்றியும் உங்கள் மத்ஹபின்படி மஹல்லா ஆலிமிடம் முன்பே கேட்டுத் தெளியுங்கள்.

பிள்ளையின் மதியத் தூக்கமும் இரவுத் தூக்கமும் வீட்டு நேரப்படியே நடக்கட்டும். கரையில் இறங்கும் நாளில் ஓர் இடம் பார்த்தால் போதும். எதையும் பார்க்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டாலும் நஷ்டமில்லை. மற்றவர்கள் இறங்கிப் போன கப்பல், பிள்ளை தத்தித் தத்தி நடக்க அருமையான இடம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேச

1. நம் பிள்ளைக்கு இப்போது இந்தப் பயணம் ஏற்றதா, பிள்ளை டயப்பர் விட்ட பிறகு போனால் எல்லோருக்கும் எளிதாக இருக்குமா?
2. காலை, மதியம், இரவு என்று பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு யார் யாருடையது?
3. மருந்துப் பையில் என்ன இருக்க வேண்டும்? மருத்துவரிடம் கேட்டாகிவிட்டதா?
4. முழுச் செலவும் நம் கையிருப்புக்குள் அடங்குகிறதா?

இந்த நான்குக்கும் வீட்டில் தெளிவான பதில் வந்துவிட்டால் மகிழ்ச்சியோடு புறப்படுங்கள். ஏதாவது ஒன்றில் தயக்கம் இருந்தால் ஓராண்டு பொறுங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும். அதற்குள் பிள்ளை நம் கையைப் பிடித்து நடந்து வரும், இன்ஷா அல்லாஹ்.