மேற்கோளும் அது நின்ற இடமும்

மேற்கோள் என்னுஞ் சொல் நம் சாத்திரத்துள் ஒரு பொருளும் இக்கால வழக்கில் மற்றொரு பொருளும் உடையது. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் 39 அதிகரணங்களாக வகுத்த மெய்கண்ட தேவர், மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றனையும் நிறுவிச் செல்வர். ஆண்டு மேற்கோளாவது ஆசிரியர் தாம் சாதிக்க எடுத்துக்கொண்ட பொருள். வடநூலார் பிரதிஞ்ஞை என்பதும் அது. இக்காலத்தோ பிறர் நூலினின்றும் எடுத்துக் காட்டப்படும் மொழியே மேற்கோள் எனப்படுகின்றது. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதலால் விளையுங் கேடு ஒன்றுண்டு. பிறர் மொழி ஒன்றை எடுத்து வைத்த அளவானே தம் கருத்துச் சாதிக்கப்பட்டதெனக் கட்டுரை வரைவார் சிலர் கருதிவிடுகின்றனர். எடுத்த மொழி யாருடைய கூற்று, எவ்விடத்து நின்றது, நம் கைக்கு எவ்வழியால் வந்தது என்னும் மூன்றும் விளங்காதவழி, அது சான்றாதல் செல்லாது. இம்மூன்றனையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

முதலாவது, கூற்று. தொல்காப்பியத்து மரபியல் கூறும் 32 உத்திகளுள் பிறன்கோட் கூறல் என்பதும் ஒன்று. பிறர் கொள்கையை அவர் வாய்மொழி போலவே எடுத்துரைத்துப் பின்னர் மறுத்தல் நம் ஆசிரியன்மார்க்கு இயல்பு. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கி, பரபக்கத்துள் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாக மதவாதியர் கொள்கைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி மறுக்கின்றார். உலகாயதன் கூற்றாக வருஞ் செய்யுளொன்றைத் தனியே பிரித்தெடுத்து, காட்சி ஒன்றே அளவையென்பது அருணந்தியார் துணிபு என ஒருவர் எழுதுவாராயின், நூற்பெயரும் செய்யுளெண்ணும் பிழையற இருப்பினும், அக்குறிப்பு முழுவதும் பொய்யாய் முடியும். அளவைகள் பலவாக எண்ணப்படினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பதன்றோ அவர் கொள்கை? உமாபதி சிவாசாரியர் 1313 ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தை எடுத்தாள்வார்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். ஆதலின், வாதநூலினின்றும் ஒரு மொழியை எடுப்பார் அது பூருவபக்கமோ சித்தாந்தமோ என்பதனை உடன் எழுதுதல் கடன்.

இக்காலத்துக் கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தேடிய அளவானே செய்யுள் நம் முன் வந்து நிற்கின்றது. இது பெரும் நன்மையே. எனினும் செய்யுள் தனித்து வருங்கால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளனவும் அதனைக் கூறுவோன் யாவன் என்பதும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. ஆதலால் தேடிக் கண்டவர் நூலைத் திறந்து அவ்வதிகாரம் முழுமையும் ஒருமுறை ஓதிய பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடம். திருமந்திரம் மூவாயிரம் என்பது மரபு. அச்சிட்ட பதிப்புகளிலோ அத்தொகை சிறிது மிக்கிருத்தலும், பாடலெண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுதலும் காண்கின்றோம். ஆகவே எண் ஒன்றனையே குறித்துச் செல்வாராயின், வேறு பதிப்புடையார் அவ்வெண்ணிற் பிறிதொரு பாடலைக் கண்டு மயங்குவர். தேவாரத் திருப்பதிகங்களும் பண்முறை, தலமுறை என இருவகையாக அடைவுபடுத்தப்பட்டன. ஒருமுறைக்குரிய எண் மற்றொன்றனுக்குப் பொருந்தாது. ஆதலின் திருமந்திரத்திற்குத் தந்திரமும் அதிகாரமும் பாட்டின் முதற்குறிப்பும், தேவாரத்திற்குத் திருமுறையும் தலமும் பதிகமும் பாட்டின் முதற்குறிப்பும் தருக. இவற்றோடு பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பித்த ஆண்டும் பக்கமும் சேருமாயின் ஐயத்திற்கு இடமில்லை. பாடவேறுபாடு உளதாயின் தாம் கொண்ட பாடம் இன்னதென்பதனையும் கூறுக. தம் கருத்திற்கு இயைந்த பாடத்தை வாளா கொண்டு ஏனையதை மறைத்தல் ஆராய்ச்சியாகாது.

மூன்றாவது, வழி. சிவஞான முனிவர் தம் மாபாடியத்துள் மிருகேந்திரம், பௌட்கரம் முதலிய ஆகமங்களை எடுத்தாள்கின்றார். அவ்விடத்தை மட்டுங் கண்ட ஒருவர், ஆகம நூலையே நேரிற் கண்டார்போல மிருகேந்திரம் எனக் குறித்தல் முறையன்று. மாபாடியத்துட் காட்டப்பட்ட மிருகேந்திர வசனம் என்று எழுதுதலே உண்மை. இங்ஙனம் எழுதுதல் தமக்கு இழிவென எண்ணுவாரும் உளர். அஃது இழிவன்று. மூலத்தைத் தேடுவார்க்கு எங்கே தொடங்குவதென வழிகாட்டுதலும், இடையே பிழை நேர்ந்திருப்பின் அஃது எங்கே புகுந்ததென அறியச் செய்தலும் அதன் பயனாம். மேலும், மூலநூலைத் தேடியெடுத்துப் பொருள்கண்டார் ஒருவராக, அவர் உழைப்பின் பயனைத் தம்முடையதுபோல மற்றொருவர் உண்ணுதல் அறத்தோடு பட்டதன்று. சொல்லை மாற்றிக் கருத்தை மட்டும் எடுத்தாளினும் இக்கடன் நீங்காது.

அற்றேல், பண்டை உரையாசிரியர் பலவிடங்களில் நூற்பெயர் கூறாதே பிறர் மொழிகளைக் காட்டிச் சென்றனரே. அது குற்றமோ எனின், அன்று. அவர் தம் உரையைக் கேட்ட மாணாக்கர் அந்நூல்களை நெஞ்சக நூல்களாகக் கொண்டிருந்தனர். அந்நிலை மாறியபின் நேர்ந்த இடர்ப்பாட்டினை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வரலாற்றால் அறியலாம். 1880 ஆம் ஆண்டிற்குப் பின்னர்ச் சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்த அவர்கள், நச்சினார்க்கினியர் உரையிற் பெயர் சுட்டப்படாது வரும் மேற்கோள்கள் எந்நூலினவென அறியாது பெரிதும் வருந்தினார்கள். திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளிடையே பத்துப்பாட்டு முதலிய பழைய நூல்களைக் கண்டபொழுதே அம்மேற்கோள்களிற் பலவற்றின் இடம் புலனாயிற்று. சிந்தாமணி 1887 ஆம் ஆண்டிலும் பத்துப்பாட்டு 1889 ஆம் ஆண்டிலும் அச்சேறின. ஏடுகளைப் போற்றிவைத்த மடாலயம் ஒன்று இல்லையாயின், அக்கூற்றுகளுள் எத்தனை இன்றும் பெயரறியாப் பிறருடையனவாகவே நின்றிருக்கும்! நாம் இன்று குறியாது விடும் ஒவ்வொரு நூற்பெயரும் நமக்குப் பின் வருவார் ஒருவர்க்கு அத்தகைய வருத்தத்தை வைத்துச் செல்கின்றது.

ஆதலின் மேற்கோட் குறிப்பினைக் கட்டுரையின் புறவுறுப்பென்றும், தேர்வாளர் பொருட்டு இறுதியிற் சேர்க்கப்படும் அணியென்றும் கருதற்க. கற்பார் நம் சொல்லை நம்பி அமையாது, தாமே மூலத்தை அடைந்து, நாம் கொண்ட பொருள் சரியோ தவறோ என நோக்குதற்குத் திறந்துவைத்த வாயில் அது. நம் கூற்றுத் தவறாயின் அவ்வாயில்வழி வருவார் அதனைத் திருத்துவர், சரியாயின் உறுதிசெய்வர். இரண்டானும் ஊதியம் பெறுவது சாத்திரமே. ஆசிரியர் தாம் மறுத்ததனை அவர்மேல் ஏற்றாமையும், அவர் கூறியதனை அவர்க்கே உரித்தாக்குதலும் நாம் அவர்க்குச் செய்யும் முதல் வழிபாடு என்க.