நிலவேம்புக் குடிநீர்: குடிப்பதற்கு முன்

ஐப்பசி மழை பிடித்ததும் தெருமுனையில் எவர்சில்வர் டிரம் வந்துவிடும். பக்கத்தில் கட்சிக்கொடி, எதிரே வரிசை, கையில் காகிதக் கப். 2012-லும் 2017-லும் டெங்கு பரவியபோது அரசே ஊர் ஊராகக் கொடுத்த குடிநீர் இது. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தருவது. அளவும் ஆளும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தை நாம் கோயில் தீர்த்தம் போல வாங்கி ஊற்றிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை

● பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கும் இருக்க வேண்டும். கொல்லையில் வளரும் சிறியாநங்கை (நிலவேம்புச் செடிதான்) இலையை மட்டும் கொதிக்கவைத்தால் அது வேறு கஷாயம். உரிம எண், காலாவதித் தேதி இல்லாத பொட்டலம் வேண்டாம்.

● சுமார் 5 கிராம் பொடிக்கு 200 மி.லி. தண்ணீர். இளந்தீயில் 50 மி.லி. ஆகச் சுண்டவிட்டு, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் குடியுங்கள். பொடி கொரகொரப்பாகத்தான் இருக்கும். சூரணம் என்று நினைத்துத் தேனில் குழைத்துத் தின்பவர்களும் உண்டு. இது கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பதற்கானது.

● வேளாவேளைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதைச் சித்த மருத்துவரே சொல்லட்டும். அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் காசில்லாமல் கேட்கலாம்.

● காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ‘கஷாயம் கேட்டுவிட்டது’ என்று வீடு நிம்மதியாகும் அதே நாளில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவு, அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

செய்யக்கூடாதவை

● கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் குடிக்கக் கூடாது. தெருவில் டிரம் வைத்துக் கொடுப்பவர் இதைக் கேட்கமாட்டார். நாமே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

● சர்க்கரைக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். மாத்திரையின் வேகத்தை இது கூட்டக்கூடும். கசப்பு தாங்காமல் கருப்பட்டி போட்டுக் குடிக்கும் சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

● அரிப்பு, தடிப்பு, முகவீக்கம் கண்டால் அடுத்த வேளையைத் தொடாதீர்கள். நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் கடும் ஒவ்வாமை வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்திருக்கிறது. மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்பது வியாபாரிகளின் பேச்சு.

● ‘எதிர்ப்புசக்தி’ என்று வருடம் முழுக்கக் காபிக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

● மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலை நிறுத்தாதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரினும் இபுபுரூபனும் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

● பாம்புக்கடிக்குச் சிறியாநங்கையை அரைத்துக் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். அதற்கு மருந்து மருத்துவமனையில் போடும் விஷமுறிவு ஊசிதான்.

சந்தேகம் கேட்க 104. மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.